குன்று பிடித்து வைத்த தண்ணீர்

மலேசியாவின் பெடாஸ் பக்கம் யார் வீட்டுச் சுவரிலாவது தண்ணீர் கசிந்தால் சுகுமாறனுக்குத்தான் போன் வரும். எடுத்துப் பேசுவது அவர் மனைவி புனிதா. வேலைக்கு இரண்டு பேரும் வருவார்கள். சுவரைப் பார்த்து முடிவு சொல்வது புனிதா. துளை போடும் மிஷினைத் தூக்கிக்கொண்டு நல்ல பிள்ளையாகப் பின்னால் நிற்பது சுகுமாறன். ஏன் இப்படி என்று அவரிடம் கேட்டால், "வீட்டுலயும் அப்படித்தான் லா. வெளியில மட்டும் எதுக்கு மாத்தணும்?" என்று சிரிப்பார்.

புனிதா பிறந்தது ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். தோட்டம் கைமாறியது, லயம் இடிந்தது, குடும்பம் டவுனுக்கு வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் சிரம்பானில் ஒரு ஃபேக்டரியில் இருந்தாள். பூதக்கண்ணாடிக்குக் கீழே தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளைப் பார்த்து, எங்கே விரிசல் இருக்கிறது என்று பிரித்து வைப்பதே வேலை. சுகுமாறன் அப்போது கோலாலம்பூரில் பெரிய கட்டடங்களின் பாதாளக் கார் நிறுத்தங்களில் கசிவு அடைக்கும் கம்பெனியில் இருந்தார். ஊருக்குத் திரும்பிச் சொந்தமாகத் தொழில் தொடங்கிய புதிதில், கூட வேலை செய்தவன் ஒருநாள் மட்டம் போட்டுவிட்டான். புனிதா லீவு போட்டுக்கொண்டு துணைக்குப் போனாள். அவர் காலையிலிருந்து தேடிக் காணாத விரிசலை, சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்க உட்கார்ந்த இடத்திலிருந்தே அவள் காட்டினாள். அதற்கப்புறம் ஃபேக்டரிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

தண்ணீர் மீது அவளுக்கு ஒரு பயபக்தி உண்டு. சாமி, பெரிய மனிதர், போலீஸ்காரர் யாருக்கும் தராத மரியாதையைத் தண்ணீருக்குத் தருவாள். சுவரில் கை வைத்து, "எந்தப் பக்கமா வந்திருக்காரு?" என்றுதான் கேட்பாள். எலும்பில்லாத, பல்லில்லாத ஒன்று கான்கிரீட்டைத் தின்று வழி போடுகிறது என்றால் அது லேசுப்பட்ட விஷயமா? எத்தனை வருடம் பார்த்தும் அவளுக்கு அந்த ஆச்சரியம் அடங்கவில்லை.

ஒருநாள் முஹம்மது ஃபாரூக் என்ற இளைஞன் போன் செய்தான். அவன் வீடு பெடாஸுக்கு வெளியே, ஒரு குன்றுச் சரிவில் இருந்தது. அவன் தகப்பனார் நாகூர் கனி, தம்பின் டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர். பழைய ரப்பர்த் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது குன்றையும் சேர்த்து வாங்கி, அதன் வயிற்றை வெட்டி வீட்டை உட்கார வைத்தார். மேலே குடும்பம். கீழே, பின்சுவர் முழுக்க மண்ணுக்குள் புதைந்த ஓர் அறை. முன்பக்கம் மட்டும் ஜன்னல். கடைக்கான அரிசியும் வெங்காயமும் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று கட்டியது. முதல் மழைக்காலத்திலேயே வெங்காயம் முளைவிட்டு, அரிசி கட்டிதட்டிப் போனது. மனிதர் அறையைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டார். சரிவில் வீடு கட்டுகிறவர்கள் மேலேயிருந்து தண்ணீர் வரும் என்பதை மட்டும் ஏன்தான் மறந்து தொலைக்கிறார்களோ!

அவர் காலமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. இப்போது அந்த அறையைத் திறந்தே ஆக வேண்டிய நிலைமை. ஃபாரூக்கின் தாய் ஜொஹராவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. சிரம்பானுக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்துகொண்டிருந்தார். கை நரம்புகள் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு, இனி ஊசி போட இடமில்லை என்றாகிவிட்டது. மிச்சமிருப்பது ஒரே வழிதான்: வயிற்றில் குழாய் வைத்து, வீட்டிலேயே மருந்துத் தண்ணீரை ஏற்றி இறக்குவது. அதற்குத் தூசியில்லாத, கதவடைக்கிற, பூஞ்சணம் பிடிக்காத அறை வேண்டும். மேல்மாடியில் ஃபாரூக் மசாலாத் தூள் அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறான். பலகைச் சுவர், கூரை, தலையணை எல்லாவற்றிலும் மிளகாய்த் தூள். வீட்டைப் பார்க்க வந்த ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸி மேலே நின்று இரண்டு தும்மல் போட்டார். கீழே இறங்கி, சுவரில் பூத்திருந்த கறுப்புப் பூஞ்சணத்தைப் பார்த்து முகம் மாறினார். வயிற்றுக்குள் கிருமி போனால் ஆளைக் காப்பாற்றுவது கஷ்டம், சுவர் காய்ந்தால் சொல்லுங்கள், மறுபடி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"உம்மாவுக்கு இந்த ரூமை விட்டா வேற வழி இல்லக்கா," என்றான் ஃபாரூக்.

புனிதா சுவரைப் பார்த்தாள். மூலையில் தொடங்கி, குறுக்காக ஏறி, நடுவில் இரண்டாகப் பிரிந்த ஒரு விரிசல். அதன் ஓரமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. நல்ல வெயில் காலம். மழை பெய்தே வெகுநாளாகியிருந்தது. ஆனாலும் விரிசலின் அடியில் விரல் வைத்தால் விரல் நனைந்தது. அப்போதே அவள் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அந்தம்மாவின் வீங்கிய காலைப் பார்த்ததும் அவளுக்கு அவசரம் வந்துவிட்டது.

வழக்கமான வேலை நடந்தது. விரிசலின் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் சாய்வாகத் துளை போட்டார் சுகுமாறன். ஒவ்வொரு துளையிலும் சின்னக் குழாய்மூக்கை முடுக்கி, பம்ப்பை மாட்டிப் பிசினை உள்ளே தள்ளினாள் புனிதா. அந்தப் பிசின் ஈரத்தைத் தொட்டால் பொங்கும். கொதிக்கும் பால்போல நுரைத்துச் சந்துபொந்தெல்லாம் நிரம்பி இறுகும். நுரை வெளியே எட்டிப் பார்த்ததும் அடுத்த மூக்கு. சுவர் காய்ந்தது. பூஞ்சணத்தைச் சுரண்டிக் கழுவி, வெள்ளை அடித்தார்கள். ஜொஹராம்மா ஃபாரூக்கின் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்து பார்த்து, "மாஷா அல்லாஹ், ஆஸ்பத்திரி மாதிரியே இருக்குது புள்ள," என்றார்.

பிறகு ஒரு நல்ல மழை பெய்தது. விரிசல் அடைத்த இடத்தில் ஒரு சொட்டு இல்லை. ஆனால் தரையும் சுவரும் சேருகிற இடத்தில், அறையின் அந்தக் கோடியில், தண்ணீர் ஊறி வந்து கட்டிலின் கால்களைச் சுற்றி நின்றது.

போனில் ஃபாரூக் சொன்னதும் புனிதாவுக்கு முகத்தில் அறைந்ததுபோல் ஆகிவிட்டது. சுகுமாறன், "அந்த மூலையையும் அடைச்சுருவோம்," என்றார்.

"அதை அடைச்சா இன்னொன்னைத் திறப்பாருங்க. நம்ம அவரு வாயை மூடுறோம், வயித்துல என்ன இருக்குன்னு பார்க்கல. மழை இல்லாத காலத்துலயே நனைஞ்சிருந்துச்சே சுவரு! அப்ப எங்கயோ உக்காந்திருக்காரு. வாங்க, மேல போய்ப் பார்ப்போம்."

வீட்டுக்குப் பின்னால் குன்று படிப்படியாக ஏறியது. பால் வெட்டுவதை நிறுத்திப் பல காலமான ரப்பர் மரங்கள். பாதி செத்து நின்றன. முதல் படியில் ஏறியதுமே புனிதா நின்றுவிட்டாள். மரங்களுக்கு நடுவில் ஆள் படுக்கிற நீளத்தில் ஒரு குழி. அதில் தண்ணீர். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அடுத்த படியில் அதேபோல வரிசை. அதற்கு மேலும். எண்ணத் தொடங்கி, எண்ணிக்கை தவறி, விட்டுவிட்டாள்.

அவளுக்கு அது என்னவென்று தெரியும். தோட்டத்தில் பிறந்தவளுக்குத் தெரியாமலா? மழைத் தண்ணீர் சரிவில் ஓடி மண்ணை அரித்துக்கொண்டு போகாமல், நின்று, மெல்ல இறங்கி மரத்தின் வேருக்குப் போக வேண்டும் என்பதற்காக அந்தக் காலத்தில் வெட்டியவை. யார் யாரோ, மண்வெட்டி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு குன்று முழுவதையும் தண்ணீர் குடிக்கப் பழக்கியிருக்கிறார்கள். அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் ஒன்று புரியவில்லை. இத்தனை காலத்தில் இலை விழுந்து, மண் சரிந்து, இவை தூர்ந்து போயிருக்க வேண்டுமே! இவை நேற்று வெட்டியதுபோல் கரை சீவிச் சுத்தமாக இருந்தன.

கீழே வந்து கேட்டாள். ஃபாரூக் பெருமையாகத்தான் சொன்னான்: "நாங்கதான்கா தூர் வாருறோம். வாப்பா இருந்தவரைக்கும் அவரே செய்வாரு. குரங்கு, பறவை, எல்லாம் வந்து குடிக்கும்ல. வாயில்லா ஜீவனுக்குத் தண்ணி குடுக்குறது பெரிய சதகா, தர்மம்னு சொல்லுவாரு. அவரு மவுத்துக்கப்புறம் வருஷா வருஷம் அவருக்கு ஃபாத்திஹா ஓதுற நாளுக்கு முன்னால நான் இறங்கி வெட்டுவேன். இந்த வருஷம் இன்னும் ஆழமாவே வெட்டினேன்."

புனிதா பையிலிருந்து பச்சைச் சாயத் தூளை எடுத்துக்கொண்டு மறுபடி மேலே ஏறினாள். வீட்டுக்கு நேர் மேலே இருந்த குழியில் அதைக் கரைத்தாள். குழியின் பக்கத்தில் ஒரு ரப்பர் மரம் பட்டுப்போய், அடிக்கட்டை உளுத்திருந்தது. ஒரு குச்சியை உள்ளே விட்டாள். தடையில்லாமல் போய்க்கொண்டே இருந்தது. வேர் மக்கிப்போன இடமெல்லாம் மண்ணுக்குள் குழாயாகியிருந்தது.

மறுநாள் பிற்பகல் நால்வரும் கீழறையில் நின்றார்கள். ஜொஹராம்மாவுக்கு நாற்காலி போட்டிருந்தது. தரையோரத்தில் ஊறிய தண்ணீர் முதலில் கலங்கலாகத்தான் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் ஓரத்தில் இளம்பச்சையாக ஒரு கோடு வந்தது. கோடு தடித்தது. மேலே ஊற்றியது மண்ணையும் கல்லையும் செத்த வேரையும் தாண்டி, வழி கேட்காமல், வழி தவறாமல், இந்த அறைக்கு நடந்து வந்திருந்தது.

"சுப்ஹானல்லாஹ்," என்றார் ஜொஹராம்மா மெதுவாக.

சுகுமாறன் தலையைச் சொறிந்தார். "மேல இருக்கற குழிங்களை மூடிட்டா போதும்மா. ரெண்டு வரிசை. மண்ணு போட்டு இறுக்கிட்டா ரூம் காஞ்சிரும்."

ஜொஹராம்மா நிமிர்ந்தார். "மூடக் கூடாது."

"உம்மா!"

"அது உங்க வாப்பா செஞ்ச தர்மம். அதுல ஒரு குருவி குடிச்சாலும் அவரு கபுர்ல நன்மை போய்ச் சேருது. எனக்கு ரூம் வேணும்னு அதை நானே மண்ணைப் போட்டு மூடவா? நாளைக்கு அவரு முகத்துல எப்படி முழிப்பேன்? வேணாம். அல்லாஹ் எனக்கு எத்தனை நாளு எழுதியிருக்கானோ அத்தனை நாளு இருந்துட்டுப் போறேன்."

ஃபாரூக் கத்தினான். வாப்பாவுக்காக உம்மாவைக் கொல்லவா நான் குழி வெட்டினேன் என்று சுவரில் கையால் அடித்தான். அந்தம்மா அசையவில்லை. உடம்பு ஊதிப்போன, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிற அந்தப் பெண்மணியின் பிடிவாதம் அந்தக் குன்றைப்போலவே இருந்தது. புனிதாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. செத்தவருக்குப் புண்ணியம் சேர்க்க உயிரோடு இருப்பவர் சாக வேண்டுமா? நாக்கு நுனிவரை வந்ததைக் கடித்துக்கொண்டு, விடுவிடுவென்று குன்றில் ஏறிப்போய்க் குழிக்கரையில் உட்கார்ந்தாள்.

கோபம் அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அடங்கியபோது கரைச் சேற்றில் கால்தடங்களைப் பார்த்தாள். குரங்கு. காட்டுக்கோழி. பிளந்த குளம்பு ஒன்று, காட்டுப்பன்றி, குட்டிகளோடு. பார்க்கப் பார்க்க ஒன்று தோன்றியது. இந்தக் குழியில் விழுகிற மழையில் பிராணிகள் குடித்தது கொஞ்சம்தான். மிச்சம் எல்லாம் மண்ணுக்குள் இறங்கி அந்தம்மாவின் கட்டிலடிக்கு வந்தது. குழி ஓட்டைக் குழி. ஓட்டையை அடைப்பது யாருடைய தொழில்?

அவள் ஓடி வந்த வேகத்தைப் பார்த்துச் சுகுமாறன் பாம்பு ஏதும் துரத்துகிறதா என்று எட்டிப் பார்த்தார்.

"அம்மா, குழியை மூட வேணாம்! குழிக்கு உள்ளாற நாங்க சிமெண்டு பூசுறோம். மொட்டைமாடிக்குப் பூசுவோமே, அந்தப் பூச்சு. ஒரு சொட்டு மண்ணுல இறங்காது. வெயில் காலத்துலயும் வத்தாது. முன்ன குடிச்சதைவிட அதிகமாவே குடிக்கும். ஓரத்துல சரிவு வெச்சுடுறோம், குட்டி விழுந்தாக்கூட ஏறி வந்துடும். நிறைஞ்சு வழியறதை மட்டும் குழாய்ல வீட்டைச் சுத்திக் கீழ லொங்காங் வடிகாலுக்குத் தள்ளிடலாம்."

"கொசு வருமே?" என்றான் ஃபாரூக்.

"லொங்காங் மீனு பிடிச்சு விடறேன், முட்டையெல்லாம் அதுங்க சாப்பிட்டுக்கும்," என்றார் சுகுமாறன். அவருக்கும் உற்சாகம் தொற்றிவிட்டது.

புனிதா தயங்கி ஒன்றைச் சொன்னாள். "பன்னியும் வந்து குடிக்குதும்மா. சொல்லாம செய்யக் கூடாதுன்னு சொல்றேன்."

ஜொஹராம்மா அவளை உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தாள். "அதுக்கும் தாகம் எடுக்கும்ல? அதைப் படைச்சவனும் அவன்தானே. பூசு புள்ள."

வேலை இழுத்துக்கொண்டு போனது. உளுத்த வேர்களைத் தோண்டி, அவை விட்டுப்போன குழாய்களில் களிமண்ணும் சிமெண்டும் இறக்கினார்கள். வீட்டுக்கு மேலிருந்த இரண்டு வரிசைக் குழிகளுக்கும் கம்பிவலை போட்டுப் பூசினார்கள். சிமெண்டு மூட்டையைக் குன்றில் ஏற்றி ஏற்றிச் சுகுமாறனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. கடைசியாக, சுவருக்குப் பின்னால் ஏற்கெனவே தேங்கி நின்ற தண்ணீர் வெளியேற, சுவரின் அடியில் ஒரு துளை போட்டுக் குழாய் வைத்து முன்பக்கம் வெளியே விட்டார்கள்.

அந்தக் குழாயிலிருந்து வந்ததைப் பார்த்துத்தான் புனிதா அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். முதலில் பீறிட்டது. பிறகு சீராக ஊற்றியது. இன்று நிற்கும், நாளை நிற்கும் என்று பார்த்தால் நிற்பதாகவே இல்லை. மழையே இல்லை, ஆனாலும் ஊற்றியது. இத்தனையும் அந்த ஒற்றைச் செங்கல் அறையின் முதுகில் சாய்ந்து நின்றிருக்கிறது! இவ்வளவு பாரத்தை வைத்துக்கொண்டு சுவர் விரிசல் விட்டதா ஆச்சரியம், விழாமல் நின்றதல்லவா ஆச்சரியம். அவள் சுவரைத் தட்டிக்கொடுத்தாள். ஒருவழியாக ஊற்று நூலாக மெலிந்து, சொட்டாகி, நின்றது. தரையும் சுவரும் சேரும் இடத்தைப் பிசின் ஏற்றி அடைத்தார்கள். பெருமழைகள் வந்து போயின. சுவர் காய்ந்தே இருந்தது. மறுபடி வந்த மிஸ்ஸி மூலை மூலையாக மோந்து பார்த்து, சுவரை விரலால் தேய்த்து விரலைப் பார்த்து, "பாகுஸ்," என்று கட்டைவிரலைக் காட்டினார்.

ஜொஹராம்மா ஆஸ்பத்திரியில் குழாய் வைத்துக்கொண்டு, பயிற்சியும் முடித்து வீடு திரும்பினார். கொஞ்ச நாள் கழித்து ஒரு பிற்பகல், வானம் இடிந்து விழுவதுபோல் மழை. புனிதாவுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. சுகுமாறனை மோட்டார் சைக்கிளை எடுக்கச் சொல்லி, நனைந்துகொண்டே போய்ச் சேர்ந்தாள். ஃபாரூக் முகக்கவசத்தைக் கொடுத்து, கை கழுவச் சொல்லி, அவளை மட்டும் உள்ளே விட்டான்.

ஜன்னல் அடைத்திருந்தது. காற்றாடி நிறுத்தியிருந்தது. ஜொஹராம்மா கட்டிலில் சாய்ந்திருந்தார். கொக்கியில் மருந்துத் தண்ணீர்ப் பை. தரையில், வயிற்றிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு இன்னொரு பை. புனிதா நேரே போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். கன்னத்தையும் வைத்துப் பார்த்தாள். காய்ந்திருந்தது. அந்தப் பக்கம் குன்று முழுக்க மழை இறங்கிக்கொண்டிருந்தது.

"சுவரு நல்லாத்தான் இருக்குது, வா, உக்காரு," என்றார் ஜொஹராம்மா. "இது எப்படி வேலை செய்யுதுன்னு உனக்குத் தெரியுமா? மிஸ்ஸி சொன்னாங்க. வயித்துக்குள்ள சவ்வு மாதிரி ஒரு சுவரு இருக்காம். மெல்லிசா. ரத்தத்துல இருக்கற அழுக்கெல்லாம் அது வழியா இந்தத் தண்ணிக்குள்ள கசிஞ்சு வந்துருமாம். அந்தத் தண்ணியைத்தான் வெளிய எடுக்கறோம்."

புனிதா தலையை நிமிர்த்தினாள். "கசியுதா?"

"ஆமா. கசியணுமாம். அது கசியறவரைக்கும் எனக்கு ஒன்னும் இல்ல."

இத்தனை வருடம் கசிவு என்றால் அடைக்க வேண்டியது என்றுதான் அவளுக்குத் தெரியும். ஒரு மனுஷியின் வயிற்றுக்குள், யாரும் துளை போடாமல், பம்ப் வைக்காமல், எதை விட வேண்டும் எதை நிறுத்த வேண்டும் என்று தெரிந்த ஒரு சுவர்! அதைக் கட்டியவரை நினைத்தபோது அவளுக்குக் கண் கலங்கியது. கும்பிடத் தோன்றியது, கைகளை மடியிலேயே கோத்துக்கொண்டாள்.

தரையிலிருந்த பை மெல்ல நிறைந்தது. ஜொஹராம்மாவுக்குக் குனிய முடியவில்லை.

"கலங்கலா வந்தா கிருமி, தெளிவா வந்தா நல்லதுன்னு சொன்னாங்க. நீ பாத்துச் சொல்லு புள்ள. எப்படி வந்திருக்காரு?"

புனிதா தரையில் மண்டியிட்டு, சுவரில் விரிசல் பார்க்கிற கண்ணால் பையை வெளிச்சத்துக்கு நேராகப் பார்த்தாள். பைக்கு அந்தப் பக்கம் இருந்த தரை ஓடுகளின் கோடுகள் ஒவ்வொன்றும் தெரிந்தன.

"தெளிவா வந்திருக்காரும்மா."